அலைவரிசைகளின் கதை – 23: 99.1, ஒரு புதன்கிழமை நண்பகல்

2005 ஜனவரி 12, புதன்கிழமை. வாஷிங்டன் அலுவலகங்களில் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும் நேரம். 99.1-இல் ஜெஃப் பக்லியின் ‘லாஸ்ட் குட்பை’ ஓடி முடிந்தது. மணி பன்னிரண்டு. அடுத்து வந்தது ஸ்பானிய மொழி. சால்சா, மெரெங்கே, பச்சாட்டா என்று கரீபியக் கரையின் ஆட்டப் பாட்டுகள். நிலையத்துக்குப் புதுப் பெயர் ‘எல் சோல்’. ஸ்பானிய மொழியில் சூரியனுக்கு உள்ள சொல்லை எடுத்து, முதல் எழுத்தை மட்டும் ‘ஸெட்’ ஆக்கியிருந்தார்கள்.

நேயர்களுக்கு முன்னறிவிப்பு கிடையாது. கடைசி நாள் நிகழ்ச்சி, பழைய குரல்களின் ஒன்றுகூடல், கண்ணீர், எதுவும் கிடையாது. போகிற போக்கில் ஒரு பாட்டை மட்டும் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டுப் போனார்கள். கடைசியாக விடைபெறுவதைப் பற்றிய பாட்டு. பாடியவரோ 1997-இலேயே ஆற்றில் மூழ்கி இறந்துபோன இளைஞர். இத்தனை சூசகம் போதும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

அப்படிப் போன நிலையத்தின் பெயர் டபிள்யூ.எச்.எஃப்.எஸ். ஊர்க்காரர்கள் முதல் எழுத்தை விழுங்கிவிட்டு எச்.எஃப்.எஸ். என்பார்கள். சென்ற இதழில் சான் ஃபிரான்சிஸ்கோவில் டாம் டோனஹ்யூ 1967-இல் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு எஃப்.எம். நிலையத்தை எப்படி ராக் இசையின் கூடாரமாக்கினார் என்று பார்த்தோம். அந்த நெருப்பு அமெரிக்காவின் மறுகரைக்கு வந்து, தலைநகரின் ஓரத்தில் முப்பத்தைந்து ஆண்டு எரிந்து, கடைசியில் ஒரு நண்பகலில் அணைந்த கதை இது. அணைந்தது அன்றுதானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அதற்கு வருவோம்.

அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையம் எஃப்.எம்.மில் ஸ்டீரியோ ஒலிபரப்புக்கு அனுமதி கொடுத்தது 1961-இல். அதே ஆண்டு நவம்பரில் வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்து மாநிலத்தின் பெத்தெஸ்டாவில், மருத்துவர்கள் இருக்கும் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், 102.3 என்ற எண்ணில் இந்த நிலையம் பிறந்தது. பெயரிலேயே விளம்பரம்: ‘வாஷிங்டன் ஹை ஃபிடெலிட்டி ஸ்டீரியோ’ என்பதன் முதலெழுத்துகள்தான் டபிள்யூ.எச்.எஃப்.எஸ். தலைநகர் வட்டாரத்தின் முதல் ஸ்டீரியோ நிலையம். கேட்கத்தான் ஆளில்லை. காரில் எஃப்.எம். இருக்காது, வீட்டிலும் பலரிடம் இல்லை. இளைஞர்கள் எல்லோரும் ஏ.எம்.மில், மூன்று நிமிடப் பாட்டும் மூச்சுவிடாத பேச்சுமாக ஓடிய ‘டாப் 40’ நிலையங்களில் இருந்தார்கள்.

1960-களில் நிலையத்துக்குள் வந்தவர் ஜேக் ஐன்ஸ்டைன். பெயரைப் பார்த்து மலைக்க வேண்டாம். விளம்பரம் பிடிப்பதில் கெட்டிக்காரரான வியாபாரி. ராக் இசையில் தனக்கென்று பெரிய ஈடுபாடு இல்லாத அந்த மனிதர்தான் ராக் இசைக்குக் கதவைத் திறந்துவிட்டார். 1969-இல் ஜோஷுவா புரூக்ஸ், சாரா வாஸ், மார்க் கார்பலூ என்று மூன்று பேர் ‘ஸ்பிரிட்டஸ் சீஸ்’ என்ற விசித்திரப் பெயரோடு இரவு நிகழ்ச்சி ஒன்றை நடத்த வந்தார்கள். இசைத்தட்டின் இருபுறமும் ஓடும், இருபது நிமிடப் பாட்டும் ஓடும், ஜாஸுக்குப் பின்னால் ப்ளூஸும் அதற்குப் பின்னால் கிராமியப் பாட்டும் வரும். விளம்பரம் வந்தது. ஐன்ஸ்டைனுக்கு அது போதும்.

அந்தக் காலத்து அறிவிப்பாளர் அறையைக் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு டர்ன்டேபிள். ஒன்றில் தட்டு ஓடிக்கொண்டிருக்கும். மற்றதில் அடுத்த தட்டை வைத்து, முள்ளை இறக்கி, பாட்டின் முதல் ஒலி காதில் விழும்வரை ஓட்டி, பிறகு கையாலேயே தட்டைக் கால் சுற்று பின்னுக்கு இழுத்து நிறுத்தியிருப்பார். ஓடுகிற பாட்டு தேய்ந்து மறையும் நொடியில் விரலை எடுப்பார். இடையில் ஒரு மூச்சு இடைவெளிகூட விழாமல் அடுத்தது பிடித்துக்கொள்ளும். சுவர் முழுக்கத் தட்டுகள். ஒரு பாட்டு ஓடும் நாலு நிமிடத்துக்குள் எழுந்து போய், எட்டாயிரத்தில் ஒன்றோ பத்தாயிரத்தில் ஒன்றோ, அதைத் தேடி எடுத்து வர வேண்டும். எதை எடுப்பது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மழை பெய்தால் மழைப் பாட்டு. காலையில் பேப்பரில் நிக்சன் ஏதாவது சொல்லியிருந்தால் அதற்குக் குத்தலாக ஒன்று. நம் கச்சேரிகளில் ராகம் விட்டு ராகம் போகும் பாடகர் மாதிரி, பாட்டுக்குப் பாட்டு தாவும் அந்த இணைப்பில்தான் அறிவிப்பாளரின் கெட்டிக்காரத்தனம் இருந்தது.

அவர்களில் ‘வீசல்’ என்றே உலகம் அறிந்த ஜோனதன் கில்பர்ட் ஒருவர். கீரி போன்ற பிராணி ஒன்றின் பெயர் அது. மூக்கால் வரும் கீச்சுக் குரல். வானொலிப் பள்ளி எதுவும் அந்தக் குரலைத் தேர்வு செய்திருக்காது. வாஷிங்டன்காரர்கள் முப்பது ஆண்டுபோல அதைத்தான் கேட்டார்கள். செர்ஃப் கோல்வெல் இன்னொருவர். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் சின்னச் சின்ன அரங்குகளில் பாடிக்கொண்டிருந்த 1970-களின் முற்பகுதியிலேயே அவரைத் தூக்கிப் பிடித்தவர் இவர். ஜேக்கின் மகன் டேமியன் ஐன்ஸ்டைன் மூன்றாமவர்.

ஊருக்கும் நிலையத்துக்கும் இடையே இருந்த ஒட்டுறவுக்கு ஒரு உதாரணம் ‘லிட்டில் ஃபீட்’. லாஸ் ஏஞ்சலிஸ் இசைக்குழு. நாட்டின் மற்ற இடங்களில் சுமாராகத்தான் போனது. வாஷிங்டனில் மட்டும் சொந்த ஊர்ப் பிள்ளைகள்போலக் கொண்டாடினார்கள். காரணம், எச்.எஃப்.எஸ். ஓயாமல் போட்டது. குழுத் தலைவர் லோவெல் ஜார்ஜும் லிண்டா ரான்ஸ்டாட்டும் 1974-இல் இந்த நிலையத்துக்குள் உட்கார்ந்து சேர்ந்து பாடிய பதிவு இன்றும் ரசிகர்களிடையே கைமாறுகிறது. லிட்டில் ஃபீட்டின் புகழ்பெற்ற நேரடிக் கச்சேரி ஆல்பத்தின் ஒரு பகுதி வாஷிங்டனின் லிஸ்னர் அரங்கத்தில் பதிவானது. 1979 ஜூனில் அதே லிஸ்னரில் பாடிவிட்டு, ஆற்றுக்கு மறுகரையில் ஆர்லிங்டன் ஓட்டலில் தங்கியிருந்தபோதுதான் லோவெல் ஜார்ஜ் இறந்தார். வயது 34.

1980-இல் வாஷிங்டனின் எஃப் தெருவில் 9:30 கிளப் என்ற இசைக்கூடம் திறந்தது. அதே ஆண்டு இயன் மெக்கேயும் நண்பர்களும் டிஸ்கார்ட் என்ற பெயரில் சொந்த இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார்கள். தலைநகரின் பங்க் இசைக்கு அப்படித்தான் முகவரி கிடைத்தது. எச்.எஃப்.எஸ்.ஸும் நீள்முடிக்காரர்களின் ப்ளூஸிலிருந்து பங்க், நியூ வேவ் பக்கம் நகர்ந்தது. நிர்வாணா குழுவில் டிரம்ஸ் வாசித்து, பிறகு ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவை அமைத்த டேவ் குரோல் வளர்ந்தது இந்த நிலையம் எட்டும் வர்ஜீனியாப் புறநகரில்.

இனி வருவது பணத்தின் கதை.

கேட்பாரற்றுக் கிடந்த எஃப்.எம். 1970-களின் முடிவில் ஏ.எம்.மை முந்திவிட்டது. பெத்தெஸ்டா மாதிரி இடத்தில் ஒரு உரிமம் வைத்திருப்பது என்றால், மவுண்ட் ரோட்டில் ஒரு கிரவுண்ட் வைத்திருப்பது மாதிரி. 1983-இல் ஐன்ஸ்டைனும் கூட்டாளிகளும் 102.3-ஐ விற்றார்கள். நேயர்கள் அழுதார்கள். ஆக, நிலையம் முதல் தடவை செத்தது அந்த ஆண்டு. ஆனால் அதே ஆண்டே ஐன்ஸ்டைன் அன்னாபொலிஸில் இருந்த 99.1-ஐ வாங்கி, எச்.எஃப்.எஸ். என்ற பெயரையும் ஆட்களையும் அங்கே கொண்டுபோய் வைத்தார். பழையது 3,000 வாட்டைத் தாண்டாத சின்ன நிலையம். புதியது 50,000 வாட். வாஷிங்டனும் பால்டிமோரும் ஒரே வீச்சில் எட்டும். செத்தவன் முன்னைவிட உரத்த குரலோடு எழுந்து வந்தான்.

எழுந்து வந்ததிலேயே ஒரு வினையும் இருந்தது. 3,000 வாட் நிலையத்தைப் பெரிய முதலாளிகள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இரண்டு பெருநகரங்களை மூடும் 50,000 வாட்டை விடவும் மாட்டார்கள்.

1980-களின் இறுதியில் ஐன்ஸ்டைன் 99.1-ஐ சிகாகோவின் டுசோஸ்வா குடும்பத்துக்கு விற்றார். ரயில் பெட்டி கட்டுவது, கராஜ் கதவைத் தானாகத் திறக்கும் கருவி செய்வது, குதிரைப் பந்தய மைதானம் நடத்துவது ஆகியவற்றோடு வானொலியும் அவர்களின் தொழில்களில் ஒன்று. வந்தவர்கள் கணக்குப் பார்த்தார்கள். அறிவிப்பாளர் தன் இஷ்டத்துக்குத் தட்டு எடுக்கும் வழக்கம் மெல்ல மெல்லப் போனது. டேமியன் ஐன்ஸ்டைன் பல ஆண்டு முன்பே ஒரு கார் விபத்தில் பேச்சு தடுமாறிப்போனவர். அந்த நிதானமான, இழுத்துப் பேசும் குரலுக்கு நேயர்கள் பழகியிருந்தார்கள். அவரை ஒலிபரப்பிலிருந்து நிறுத்தியபோது எதிர்ப்பு கிளம்பியது. பிறகு அவர் திரும்பி வந்தார். ஆனால் நிலையம் யாருடையது என்ற கேள்வி அப்போதே விழுந்துவிட்டது.

இதில் ஒரு முரண் உண்டு. பாட்டுத் தேர்வு சுருங்கச் சுருங்க நிலையத்தின் புகழ் ஏறியது. பில்போர்ட் பத்திரிகை இந்த வகை இசைக்கென்று தனிப் பட்டியல் போடத் தொடங்கியது 1988 செப்டம்பரில். அப்போது பெயர் ‘மாடர்ன் ராக்’. பிறகுதான் ‘ஆல்டர்நேட்டிவ்’ என்ற முத்திரை நிலைத்தது. 1991-இல் நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ வந்து கடைகளைக் காலி செய்தது. கல்லூரி விடுதியிலும் 9:30 கிளப்பின் இருட்டிலும் கிடந்த இசை தேசிய இசையானது. பத்து ஆண்டாக அதையே போட்டுக்கொண்டிருந்த எச்.எஃப்.எஸ்.ஸுக்குத் தானாக மடியில் வந்து விழுந்த அதிர்ஷ்டம் அது.

அந்த அதிர்ஷ்டத்தின் திருவிழா ‘எச்.எஃப்.எஸ்டிவல்’. 1990-இல் வர்ஜீனியாவின் லேக் ஃபேர்ஃபாக்ஸ் பூங்காவில் ஒரு கோடைக் கச்சேரியாகத் தொடங்கியது, 1993-இல் தலைநகரின் ஆர்.எஃப்.கே. மைதானத்துக்குப் போனது. அமெரிக்கக் கால்பந்துக்கும் பேஸ்பாலுக்குமாகக் கட்டிய மைதானம், ஐம்பதாயிரம் பேர். காலையில் தொடங்கி இரவுவரை குழுக்கள் மாறி மாறி ஏறும். மைதானத்து வெளியிலும் மேடை, கார் நிறுத்துமிடம் முழுக்கக் கடைகள், தரையெல்லாம் காகிதக் கோப்பை, மே மாத வெயிலில் தோல் சிவந்த பிள்ளைகள். ஒரு வருடம் ரமோன்ஸ் மாதிரி பங்க் குழுக்கள் இருந்த அதே மேடையில், எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த டோனி பென்னட்டை கோட்டு சூட்டோடு ஏற்றினார்கள். பிள்ளைகளும் கைதட்டினார்கள். பழைய எச்.எஃப்.எஸ்.ஸின் குறும்பு அந்த ஒரு முடிவில் மிச்சமிருந்தது என்பேன்.

1996 பிப்ரவரியில் கிளின்டன் கையெழுத்திட்ட தொலைத்தொடர்புச் சட்டம் அமெரிக்க வானொலியின் வரைபடத்தையே மாற்றிவிட்டது. அதுவரை ஒரு நிறுவனம் நாடு முழுக்க 20 ஏ.எம்., 20 எஃப்.எம். நிலையங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. சட்டம் அந்த வரம்பை அடியோடு எடுத்தது. பெரிய நகரம் ஒன்றில் எட்டு நிலையம்வரை ஒருவரே வைத்துக்கொள்ளலாம் என்றது. கிளியர் சேனல் நிறுவனம் சில ஆண்டுகளில் 1,200 நிலையத்தை எட்டியது. சட்டம் வந்த அடுத்த ஆண்டே எச்.எஃப்.எஸ். மறுபடி கைமாறியது. விற்கவில்லை; பண்டமாற்று. அப்போது நிலையத்தை வைத்திருந்த எஸ்.எஃப்.எக்ஸ். நிறுவனம் இதை சி.பி.எஸ்.ஸிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு டெக்ஸஸின் டல்லஸில் இரண்டு நிலையங்களை வாங்கிக்கொண்டது. லோவெல் ஜார்ஜ் பாடிய நிலையம், வீசல் கீச்சிட்ட நிலையம், ‘ஒன்றுக்கு இரண்டு’ என்ற கணக்கில் போய்விட்டது.

சி.பி.எஸ்.ஸின் வானொலிப் பிரிவு இன்ஃபினிட்டி. வாஷிங்டனில் அதற்கு ஏற்கெனவே ஹிப்ஹாப் போடும் 95.5, பழைய ராக் போடும் 94.7, பேச்சு நிகழ்ச்சிகளுக்கு 106.7 இருந்தன. ஒரே வீட்டில் நாலு பிள்ளைகள் இருந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சம்பாதிக்க வேண்டும், ஒன்று இன்னொன்றின் சோற்றில் கை வைக்கக் கூடாது. 94.7-க்கு நாற்பது வயதுக்காரர்கள். ஆகவே 99.1-க்குப் பதினெட்டிலிருந்து முப்பத்து நாலு வயது ஆண்கள். பெண்கள், நடுவயதினர், ‘என்னதான் போடுகிறார்கள் பார்ப்போம்’ என்று திருப்புகிறவர்கள், இவர்கள் எல்லோரும் கணக்கில் வராதவர்கள்.

பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் வேலையையும் இப்போது வேறு ஏற்பாடு செய்தது. அமெரிக்க வானொலித் துறை முழுவதும் அந்த ஆண்டுகளில் இப்படித்தான்: வாடகைத் தொலைபேசி ஆட்கள் வீடுகளுக்கு அழைத்து, ஒரு பாட்டின் மனதில் ஒட்டும் பத்து நொடியை மட்டும் போட்டுக் காட்டி ‘பிடிக்கிறதா, சலித்துவிட்டதா, தெரியவே தெரியாதா’ என்று கேட்பார்கள். சில நேரம் நூறு பேரை ஓட்டல் கூடத்தில் உட்கார வைத்து, நூற்றுக்கணக்கான துண்டுகளை வரிசையாக ஒலிக்கவிட்டு மதிப்பெண் வாங்குவார்கள். ‘தெரியாது’ என்று வந்த பாட்டு விழுந்துவிடும். தெரியாததைத் தெரிய வைப்பதற்காகவே பிறந்த ஒரு நிலையத்துக்கு இதைவிடக் கொடுமையான பரீட்சை கிடையாது. தேறிய பாட்டுகளைக் கணினி மென்பொருள் ஒன்று, இத்தனை மணிக்கு ஒரு முறை என்று அடுக்கிக் கொடுக்கும். அறிவிப்பாளர் அச்சிட்ட தாளைப் பார்த்துப் பட்டனை அழுத்துவார். சுவர் முழுக்க இருந்த தட்டுகள் அலங்காரப் பொருளாகின.

எந்த நிலையத்தை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற மதிப்பீடு நடந்ததும் வேடிக்கையான முறையில். ஆர்பிட்ரான் நிறுவனம் சில குடும்பங்களுக்குச் சின்ன டைரி அனுப்பும். உள்ளே ஒன்றிரண்டு டாலர் நோட்டும் இருக்கும். ஒரு வாரம் எந்த நிலையத்தை எப்போது கேட்டோம் என்று ஞாபகத்திலிருந்து எழுதி அனுப்ப வேண்டும். நாலு நிமிடத்துக்கு ஒரு முறை நிலையங்கள் தங்கள் பெயரைக் கத்துவதெல்லாம் அந்த டைரிக்காகத்தான். பல கோடி டாலர் விளம்பரம் யாரோ ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சோபாவில் உட்கார்ந்து கிறுக்கிய பேனா எழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த எழுத்து எச்.எஃப்.எஸ்.ஸுக்குச் சாதகமாக இல்லை. 1990-களின் பிற்பாதியில் ஆல்டர்நேட்டிவ் என்ற பெயரில் வந்தது லிம்ப் பிஸ்கிட், கோர்ன் வகைக் கத்தல் இசை. நிலையம் அதன் பின்னால் ஓடியது. வேறு குழுமத்தின் டிசி101 அதே பாட்டுகளில் பாதியைப் போட்டு, இரைச்சலான காலை நிகழ்ச்சியோடு அதே இளைஞர்களைப் பிடித்துக்கொண்டது. 1999-இல் நாப்ஸ்டர் வந்தது, 2001-இல் ஐபாட். புதுப் பாட்டைக் கண்டுபிடிக்க வானொலி வேண்டும் என்ற தேவையே உடைந்தது. அதே 2001-இல் எக்ஸ்.எம். செயற்கைக்கோள் வானொலி, வாஷிங்டனின் வடகிழக்கில் எக்கிங்டன் பகுதியில் பழைய அச்சகக் கட்டடம் ஒன்றைத் தலைமையகமாக்கிக்கொண்டு ஒலிபரப்பைத் தொடங்கியது. நூறு அலைவரிசை, இசை வரும் பெரும்பாலானவற்றில் விளம்பரம் குறைவு. 2004 முடிவில் அதன் சந்தாதாரர் 30 லட்சத்தைத் தாண்டினார்கள். சொந்த ஊரிலேயே முளைத்த போட்டி.

2002-இல் இன்ஃபினிட்டி செய்த ஒரு காரியம் எனக்கு எல்லாவற்றையும்விட விளக்கமாகத் தெரிகிறது. ‘ஸ்போர்ட்ஸ் ஜங்கீஸ்’ என்ற நாலு நண்பர்கள் 106.7-இல் விளையாட்டு அரட்டை நடத்திப் பேர் வாங்கியிருந்தார்கள். அவர்களைத் தூக்கி எச்.எஃப்.எஸ்.ஸின் காலை நேரத்தில் போட்டார்கள். வானொலியில் அதிகம் பேர் கேட்பது காலையில்தான். அந்த நேரத்தில் நாட்டின் பெயர்பெற்ற இசை நிலையம் ஒன்று கால்பந்து பேசிக்கொண்டிருந்தது. ஜங்கீஸ் திறமையானவர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் இசை நிலையம் தன் முதல் மணி நேரத்தை இசைக்குக் கொடுக்க அஞ்சினால், மிச்ச நேரத்தில் என்ன நம்பிக்கை இருக்கும்? என் கணக்கில் எச்.எஃப்.எஸ். அணைந்தது அங்கே. 2005-இல் நடந்தது, நெடுநாள் படுக்கையில் கிடந்தவருக்கு எழுதிய சான்றிதழ்.

இப்போது அந்த நண்பகலின் மறுபக்கம்.

எல் சால்வடாரில் 1980-இலிருந்து 1992 வரை உள்நாட்டுப் போர். கிழக்கே இன்டிபுக்கா என்ற சின்ன ஊரிலிருந்து போருக்கு முன்பே சிலர் வாஷிங்டனின் மவுண்ட் பிளசன்ட் பகுதிக்கு வந்து பாத்திரம் கழுவியும் கட்டடம் கட்டியும் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். போர் தொடங்கியதும் ஊரே அவர்கள் பின்னால் வந்தது. 1991 மே மாதம் மவுண்ட் பிளசன்டில் சால்வடார்காரர் ஒருவரைக் காவலர் சுட்டதில் இரண்டு மூன்று நாள் கலவரம். அதுவரை இப்படி ஒரு சமூகம் தங்கள் நகரத்தில் இருக்கிறது என்பதே பல வாஷிங்டன்காரர்களுக்கு உறைக்கவில்லை. 2000 கணக்கெடுப்பில் தலைநகர் வட்டாரத்தில் ஸ்பானிய மொழி மரபினர் 4 லட்சத்துக்கும் மேல். அவர்களில் சால்வடார்காரர்களே பெரிய கூட்டம். வீட்டன், லாங்லி பார்க், ஆர்லிங்டன் என்று பரவியிருந்தார்கள். அவர்களுக்கு வாய்த்த வானொலியோ பெரும்பாலும் ஏ.எம்., அல்லது நாலு தெரு தாண்டினால் கரகரக்கும் எஃப்.எம். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து மேரிலாந்திலிருந்து வர்ஜீனியாவுக்குக் கட்டட வேலைக்குப் போகிறவரின் வண்டியில் பாலம் தாண்டும்போதே பாட்டு அறுந்துவிடும்.

2005-இல் அவர்களுக்கு 50,000 வாட் கிடைத்தது. வாஷிங்டனிலும் பால்டிமோரிலும் நெடுஞ்சாலை முழுக்க அறுந்துபோகாத பாட்டு. இன்ஃபினிட்டிக்கு அது கருணை ஒன்றுமில்லை. இருபது நிலையங்கள் மோதும் மூலையை விட்டு, யாருமே நிற்காத வாசலில் போய்க் கடை போட்டார்கள், அவ்வளவுதான். பாட்டுத் தேர்விலும் கணக்குத்தான்: மத்திய அமெரிக்கர்கள் நிறைந்த ஊரில் போட்டது கரீபியத் தீவுகளின் ஆட்டப் பாட்டு. ஆனாலும் எச்.எஃப்.எஸ். ரசிகர்களில் சிலர் ‘எங்கள் நிலையத்தை அவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள்’ என்று கோபப்பட்டது நியாயமில்லை. பிடுங்கியது மாடியில் இருந்த கணக்கன். கட்டட வேலைக்காரன் பிடுங்கவில்லை. பெத்தெஸ்டா அடித்தளத்து நிலையம் 1970-இல் தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு எப்படி இருந்ததோ, எல் சோல் லாங்லி பார்க்குக்கு அப்படி இருந்தது என்று சொன்னால், பழைய ரசிகர்களுக்குக் கசக்கும். எனக்கு அதில் உண்மை தெரிகிறது.

தனி ஆளாகவும் போகவில்லை எச்.எஃப்.எஸ். ஆறு வாரம் கழித்து, பிப்ரவரி 24-ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவின் ஆல்டர்நேட்டிவ் நிலையம் ஒய்100 இதேபோல ஒரே நாளில் ஹிப்ஹாப் நிலையமானது.

பிறகு நடந்தவை பேய்க்கதை மாதிரி. அதே ஜனவரியிலேயே எச்.எஃப்.எஸ். பெயர் பால்டிமோரின் 105.7-இல் மாலை நேரத்து இசைக்கு ஒட்டப்பட்டது. மே மாதம் அந்தப் பெயரில் பால்டிமோர் மைதானத்தில் ஃபூ ஃபைட்டர்ஸும் கோல்ட்பிளேயும் பாடினார்கள். 105.7 சீக்கிரமே பேச்சு, பின்னர் விளையாட்டு என்று போய்விட்டது. ஜங்கீஸ் பழைய 106.7-க்கே திரும்பினார்கள். 2011-இல் பால்டிமோரில் 97.5 என்ற சின்னஞ்சிறு மறுஒலிபரப்பியில் எச்.எஃப்.எஸ். என்று மறுபடி ஒரு ஆல்டர்நேட்டிவ் ஒலி கேட்டது. அடுத்த ஆண்டு அந்த நான்கெழுத்து முழுசாகத் தெற்கே ஃப்ளோரிடாவுக்குப் பயணம் போய், டாம்பா பக்கம் ஒரு விளையாட்டுப் பேச்சு நிலையத்தில் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில் நிலையத்தின் அழைப்பெழுத்தும் சொத்துதான். வேறு யாரும் எடுத்துவிடாமல் இருக்க நிறுவனங்கள் இப்படி ஏதாவது ஒரு மூலையில் கட்டிவைப்பதுண்டு. ஜேக் ஐன்ஸ்டைன் 2007-இல் காலமானார். பெத்தெஸ்டா நாட்களைப் பற்றி ஜே ஷ்லாஸ்பெர்க் பல ஆண்டு அலைந்து ‘ஃபீஸ்ட் யுவர் இயர்ஸ்’ என்ற ஆவணப்படம் எடுத்தார். 2024 செப்டம்பர் 21-ஆம் தேதி, 9:30 கிளப்பை நடத்தும் நிறுவனம் நேஷனல்ஸ் பார்க் பேஸ்பால் மைதானத்தில் எச்.எஃப்.எஸ்டிவலை மறுபடி நடத்தியது. டிக்கெட் மளமளவென்று தீர்ந்தது. வந்தவர்களில் பலர் நாற்பதைத் தாண்டியவர்கள். நிலையம் இல்லாமலே நிலையத்தின் திருவிழா.

99.1-இல் எல் சோலும் நிலைக்கவில்லை. 2011 டிசம்பரில் அதை 107.9-க்கு மாற்றினார்கள்; அங்கே இன்றும் ஓடுகிறது. காலியான 99.1-இல் முழு நேரச் செய்தி நிலையம் வந்தது, மூன்று ஆண்டு கடனே என்று ஓடியது. 2015-லிருந்து அந்த எண்ணில் வருவது ப்ளூம்பெர்க் வணிகச் செய்தி. வாஷிங்டன் பக்கம் போகிறவர்கள் காரில் 99.1 திருப்பினால் பங்குச் சந்தை நிலவரம் கேட்கலாம்.

அடுத்த இதழில்: ஓஹையோவின் ஆக்ஸ்ஃபர்ட் என்ற கல்லூரி ஊரில் 1983-இல் தொடங்கி, 2004-இல் தன் அலைவரிசையை விற்றுவிட்டு இணையத்துக்குக் குடிபெயர்ந்த 97எக்ஸ்.

(தொடரும்)